மிதக்கும் தீவுகளுக்கிடையே கப்பலோட்டுதல்: வாசகர் கேள்வி – பதில்

பகடையும் தாளும் பென்சிலும் கொண்டு, சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் கற்பனைப் பாத்திர விளையாட்டுகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பும் கேள்விகளுக்கு இப்பகுதியில் விடையளித்து வருகிறேன். இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை ஆகாயக் கப்பல்களையும் வானில் மிதக்கும் தீவுகளையும் பற்றியவையாக இருந்தமையால் அவற்றை மட்டுமே எடுத்துக்கொண்டுள்ளேன். ஆட்டத்தை நடத்துபவரைக் கேம் மாஸ்டர் என்றும், கதாபாத்திரங்களை ஏற்று ஆடுபவர்களை ஆட்டக்காரர்கள் என்றும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: என் ஆட்டக்காரர்களுக்கு ஓர் ஆகாயக் கப்பலைக் கொடுத்தேன். முதல் நாள் எல்லோருக்கும் பெருமகிழ்ச்சி. நான்கு அமர்வுகள் கடந்தபின், "அடுத்த தீவுக்குப் போகிறோம்" என்று அவர்கள் சொல்வதும், "மூன்று நாளில் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்" என்று நான் சொல்வதுமாகப் பயணம் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. வழியில் கொள்ளையர்களைக் கொண்டுவந்தும் பார்த்தேன். இரண்டாம் முறையே அதுவும் சலித்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: புறப்பட்டதற்கும் போய்ச் சேர்ந்ததற்கும் இடையில் ஆட்டக்காரர்கள் முடிவெடுக்க வேண்டியது ஒன்றுமே இல்லாததுதான் சலிப்புக்குக் காரணம் என்று நினைக்கிறேன். கொள்ளையர் வருகை நீங்கள் எடுத்த முடிவு. அவர்கள் அதற்கு எதிர்வினை ஆற்றுகிறார்கள், அவ்வளவே. உண்மையான ஆகாயக் கப்பல்களை ஓட்டியவர்கள் ஒவ்வொரு மணி நேரமும் எதைப் பற்றிக் கவலைப்பட்டார்கள் என்று பார்த்தால், உங்கள் ஆட்டத்துக்குத் தேவையானது அங்கேயே கிடைக்கும். அவர்களுடைய கவலையெல்லாம் எடையைப் பற்றியதாக இருந்தது.

ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் ஏறத்தாழ 1.1 கிலோகிராம் எடையைத் தூக்கும். ஹீலியம் ஏறத்தாழ 1 கிலோகிராம் தூக்கும். இந்தத் தூக்குவிசையும் கப்பலின் மொத்த எடையும் சமமாக இருக்கும்வரை கப்பல் நின்ற உயரத்தில் நிற்கும். மேலே ஏற வேண்டுமானால் எதையாவது கீழே கொட்ட வேண்டும். கீழே இறங்க வேண்டுமானால் வாயுவில் கொஞ்சத்தை வெளியே விட வேண்டும். கொட்டுவதற்கென்றே சுமந்து செல்லும் தண்ணீரையும் மணலையும் அடிப்பாரம் என்று அழைப்போம். வாயுவும் அடிப்பாரமும் ஒருமுறை செலவழிந்தால் நடுவானில் எளிதில் திரும்பக் கிடைப்பதில்லை. அதோடு பகலில் வெயில் பட்டு வாயு சூடேறும்போது கப்பல் தானாக மேலெழும். இரவில் குளிர்ந்ததும் தானாகத் தாழும். ஆகவே ஒரே உயரத்தில் நிற்பதற்குக்கூட விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 1932 மே மாதம் அமெரிக்கக் கடற்படையின் ஏக்ரன் என்னும் கப்பலைக் கலிஃபோர்னியாவில் தரையில் கட்ட முயன்றபோது, வெயிலில் ஹீலியம் சூடேறியிருந்ததாலும் எரிபொருள் தீர்ந்து எடை குறைந்திருந்ததாலும் அது திடீரென்று மேலெழுந்தது. கயிற்றைப் பிடித்திருந்தவர்களில் சிலர் அதனுடன் தூக்கிச் செல்லப்பட்டார்கள். இருவர் விழுந்து இறந்தார்கள். கயிற்றை விடாமல் பற்றிக்கொண்ட ஒருவரை நெடுநேரத்துக்குப் பின் மேலே இழுத்துக் காப்பாற்றினார்கள். எரிபொருள் எரிய எரியக் கப்பல் இலேசாகிவிடுவதைத் தடுக்க, அதே ஏக்ரனில் எஞ்சின் புகையைக் குளிரவைத்துத் தண்ணீர் பிரித்தெடுத்து அதை அடிப்பாரமாகச் சேமித்தார்கள். 1928-இல் பறக்கத் தொடங்கிய கிராஃப் செப்பலின் கப்பலிலோ, காற்றுக்குக் கிட்டத்தட்ட நிகரான அடர்த்தியுள்ள ஒரு வாயுவையே எரிபொருளாகப் பயன்படுத்தினார்கள். அது எரிந்து தீர்ந்தாலும் கப்பலின் சமநிலை பெரிதாக மாறவில்லை.

இவற்றை ஆட்டத்துக்குக் கொண்டுவர நான் பயன்படுத்தும் விதி மிக எளியது. கப்பலுக்கு வாயுப் புள்ளிகள் 12, அடிப்பாரப் புள்ளிகள் 12. ஒரு புள்ளி என்பது ஒரு மனிதரும் அவருடைய மூட்டையும் சேர்ந்த எடை. வானத்தை உயரத்துக்கேற்பச் சில அடுக்குகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஓர் அடுக்கு மேலே ஏற ஓர் அடிப்பாரப் புள்ளியைக் கொட்ட வேண்டும். ஓர் அடுக்கு இறங்க ஒரு வாயுப் புள்ளியை விட வேண்டும். விடியற்காலையில் கப்பல் தானாக ஓர் அடுக்கு ஏறும். அந்தி சாய்ந்ததும் தானாக ஓர் அடுக்கு இறங்கும். அப்படி நேராமல் தடுக்க விரும்புபவர்கள் அந்தந்த நேரத்தில் ஒரு புள்ளி செலவிட வேண்டும். தண்ணீரை மேகத்திலிருந்தும் மழையிலிருந்தும் பிடித்துக்கொள்ளலாம். வாயு துறைமுகத் தீவுகளில் மட்டுமே கிடைக்கும். இவ்வளவுதான். இரண்டு வரிசையாகக் கட்டங்கள் வரைந்த ஒரு தாளை மேசையின் நடுவில் வையுங்கள். கட்டங்களை அடிக்கும் பென்சில் உங்கள் கையில் இல்லாமல் ஆட்டக்காரர் ஒருவரின் கையில் இருக்கட்டும். தாங்கள் அடித்த கட்டங்களைத் தாங்களே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் "மூன்று நாளில் சேர்ந்துவிட்டோமா?" என்று கேட்பதில்லை, "இன்றிரவு எதைக் கொட்டுவது?" என்று ஒருவரையொருவர் கேட்கிறார்கள்.

கேள்வி: தீவுகள் வெவ்வேறு உயரங்களில் மிதக்கின்றன. இதைத் தட்டையான தாளில் எப்படி வரைவது? அறுகோணக் கட்டங்கள் உள்ள வரைபடத்தில் முயன்று தோற்றுவிட்டேன்.

பதில்: காட்டிலும் பாலைவனத்திலும் நடந்து செல்பவர்களுக்கு அறுகோணக் கட்டம் பொருந்தும். ஏனெனில் அங்கே ஒவ்வொரு கட்டத்திலும் ஏதோ ஒன்று இருக்கிறது. வானத்தில் பெரும்பாலான கட்டங்கள் வெறுமையாக இருக்கும். வெறுமையான கட்டங்களை ஒவ்வொன்றாகக் கடப்பது எவருக்கும் இன்பம் தராது. ஆகவே தீவுகளை வட்டங்களாகவும், வழிகளை அவற்றை இணைக்கும் கோடுகளாகவும் வரையுங்கள். வட்டத்துக்குள் தீவின் பெயரையும் அடுக்கின் எண்ணையும் எழுதினால் போதும். ஏழு தீவுகள் இருந்தால் ஓர் ஆண்டுக்கான ஆட்டம் இருக்கிறது. முப்பது தீவுகளை வரைந்து, அவற்றில் இருபத்தைந்தை யாரும் எட்டிப் பார்க்காமல் போன ஆட்டங்களை நான் கண்டிருக்கிறேன்.

ஆனால் உயரத்துக்குப் பொருள் தருவது வரைபடமன்று, காற்றுதான். பலூனில் பறப்பவர்களுக்குச் சுக்கான் கிடையாது; வெவ்வேறு உயரங்களில் காற்று வெவ்வேறு திசைகளில் வீசுவதால், ஏறியும் இறங்கியும் தமக்கு வேண்டிய திசைக் காற்றைத் தேடிப் பிடித்துத்தான் அவர்கள் வழி செலுத்துகிறார்கள். இதை ஆட்டத்தில் அமைக்க நம் மொழியே நமக்கு ஒரு கொடையை வைத்திருக்கிறது. தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கிலிருந்து வருவது வாடை. வானத்தை நான்கு அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கையும் ஒரு காற்றுக்கு உரியதாக்குங்கள். என் வரைபடத்தில் கீழடுக்கு தென்றலுக்கு உரியது. அங்கே பயணம் இதமானது, கப்பல் வடக்கே செல்லும். இரண்டாம் அடுக்கு கொண்டல். அச்சொல்லுக்கு மேகம் என்றும் பொருள் உண்டு. ஆகவே தண்ணீர் பிடிக்கக்கூடிய மேகங்களெல்லாம் இந்த அடுக்கில்தான் இருக்கின்றன, கண்ணுக்குத் தெரியாமல் மோதவரும் பாறைகளும் இங்கேதான் இருக்கின்றன. மூன்றாவது கோடை, வறண்ட காற்று, நெடுந்தொலைவு தெரியும், ஒளிந்துகொள்ள ஓரிடமும் இல்லை. உச்சியில் வாடை, கப்பலின் மேல் பனிக்கட்டி படிந்து எடை கூடும்.

இப்போது முதல் விதியையும் இதையும் சேர்த்துப் பாருங்கள். தென்றல் அடுக்கில் இருக்கும் ஒரு தீவிலிருந்து வடகிழக்கே இருக்கும் மற்றொரு தீவுக்குப் போக வேண்டுமானால், முதலில் இரண்டு அடிப்பாரப் புள்ளிகளைக் கொட்டிக் கோடைக்கு ஏறிக் கிழக்கே போய், பிறகு இரண்டு வாயுப் புள்ளிகளை விட்டுத் தென்றலுக்கு இறங்கி வடக்கே போக வேண்டும். காற்றை எதிர்த்து எஞ்சினை ஓட்டியும் போகலாம். அதற்கு எரிபொருள் இரண்டு மடங்கு ஆகும். எந்த வழி என்று மேசையைச் சுற்றி வாதம் எழும். அந்த வாதத்தை வளரவிடுங்கள், அதுவே பயணம்.

சில தீவுகள் நகர்பவையாக இருக்கட்டும். வானில் திரிந்த மூன்று கோட்டைகள் ஒரே நேர்கோட்டில் வந்தமைந்த கணத்தில் ஒரே அம்பால் எரிக்கப்பட்ட திரிபுரக் கதையை நாம் அனைவரும் அறிவோம். வானில் தொங்கும் கோட்டையைத் தூங்கெயில் என்று சங்கப் பாடலே குறிப்பிடுகிறது. அதை அழித்த பெருமையைச் சோழர் முன்னோர்க்கும் அது தருகிறது. நகரும் மூன்று தீவுகள் குறிப்பிட்ட ஒரு நாளில் மட்டும் ஒரு வரிசையில் வரும் என்று வைத்துக்கொண்டால், அந்த நாளுக்காகக் காத்திருப்பவர்கள் யார், அன்று யார் எதைக் கடத்தப்போகிறார்கள், யார் எதைத் தகர்க்கப்போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே போகலாம். நாட்காட்டியில் அந்த நாளை முதல் அமர்விலேயே குறித்துவிடுங்கள்.

கேள்வி: வாயுவுக்குப் பதில் மிதக்கும் மந்திரக் கல் வைத்தால் இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை அல்லவா?

பதில்: கல்லை வையுங்கள், கணக்கை விடாதீர்கள். எதையும் எவ்வளவு உயரத்துக்கும் செலவின்றித் தூக்கும் கல் உங்களுக்கு அந்தச் சலிப்பை மீண்டும் கொண்டுவந்துவிடும். வெயிலில் வலுத்து நிழலில் தளரும் கல், ஒவ்வோர் ஏற்றத்துக்கும் சற்றே தேயும் கல், தன் பிறந்த தீவை விட்டு அகல அகல வலுவிழக்கும் கல் என்று ஏதேனும் ஒரு வறுமையை அதற்குக் கொடுங்கள்.

ஹைட்ரஜனையே வைத்துக்கொள்பவர்கள் நெருப்பை அஞ்ச வேண்டியதுதான். ஆனால் ஒரே தீப்பொறியில் எல்லாக் கதாபாத்திரங்களும் மாண்டுபோக வேண்டும் என்றில்லை. 1937 மே 6 அன்று ஹைட்ரஜன் நிரப்பிய ஹிண்டன்பர்க் என்னும் ஆகாயக் கப்பல் ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் எரிந்து விழுந்தது. அதில் இருந்த 97 பேரில் 35 பேர் இறந்தார்கள், தரையில் இருந்த ஒருவரும் இறந்தார். 62 பேர் உயிர்பிழைத்தார்கள். எரியும் கப்பல் தரையைத் தொடும் வரை யார் எங்கே நிற்கிறார், எப்போது குதிக்கிறார் என்பதை ஒரு முழுக் காட்சியாக ஆடலாம்.

கேள்வி: கப்பல் சண்டையில் ஒருவர் சுக்கான் பிடிக்கிறார், ஒருவர் பீரங்கி சுடுகிறார். மற்ற மூன்று ஆட்டக்காரர்களும் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

பதில்: அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, அவர்களுக்கு வேலை இல்லை. செப்பலின் என்னும் ஜெர்மானிய ஆகாயக் கப்பல்களில் திசைக்கு ஒருவர், உயரத்துக்கு ஒருவர் என்று இரண்டு சுக்கான்களை இருவர் பிடித்தார்கள். முன்னோக்கி நின்றவர் இடமும் வலமும் திருப்பினார். பக்கவாட்டில் திரும்பி நின்றவர் கப்பலின் முன்பகுதியாகிய அணியத்தை உயர்த்துவதையும் தாழ்த்துவதையும் கவனித்தார். இரண்டாமவரின் வேலையே கடினமானது என்று கருதப்பட்டது. இந்த ஒரு செய்தியே உங்களுக்கு இரண்டு ஆட்டக்காரர்களைத் தருகிறது. அதுவும் ஒருவரையொருவர் நம்பித்தான் ஆக வேண்டிய இருவரைத் தருகிறது.

மூன்றாமவர் வாயுப் பைகளைத் தைப்பவராக இருக்கட்டும். பெரிய கப்பல்களில் வாயு ஒரே பையில் இராது. கூட்டுக்குள் வரிசையாகப் பல பைகள் இருக்கும். எதிரியின் குண்டு ஒரு பையைக் கிழித்தால், கூட்டுக்குள் ஊர்ந்து சென்று அதை ஒட்டுப்போட ஒருவர் வேண்டும். அவர் தாமதித்த ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வாயுப் புள்ளி போகும். கப்பலுக்கு வெளியேயும் வேலை உண்டு. 1928 அக்டோபரில் கிராஃப் செப்பலின் முதன்முறையாக அட்லாண்டிக்கைக் கடந்தபோது, புயற்காற்றில் அதன் வால் இறக்கையின் துணி கிழிந்தது. கப்பல் தலைவர் எக்கெனரின் மகனும் வேறு சிலரும் நடுக்கடலுக்கு மேலே, வெட்டவெளியில் ஏறி நின்று அதைச் சரிசெய்தார்கள். அவர்கள் அங்கே நின்றவரை எஞ்சின்களின் வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. வேகம் குறைந்தால் கனத்துப்போன கப்பல் தாழத் தொடங்கும். தந்தை சுக்கான் அறையில் நின்று இந்த இரண்டையும் எடைபோட்டுக்கொண்டிருக்கிறார் என்பதை எண்ணிப் பாருங்கள். இதைவிடச் சிறந்த ஆட்டக் காட்சியை நான் கற்பனையால் உண்டாக்கியதில்லை.

நான்காமவருக்கு மேகக்கூடை. முதல் உலகப்போரில் சில ஜெர்மானியக் கப்பல்கள் மேகத்துக்கு மேலே மறைந்து நின்றுகொண்டு, ஒரே ஓர் ஆள் அமரக்கூடிய சிறு கூண்டை நூற்றுக்கணக்கான மீட்டர் நீளக் கம்பியில் மேகத்துக்குக் கீழே இறக்கின. அதில் இருந்தவர் கீழே கண்டதைத் தொலைபேசியில் மேலே சொன்னார். உங்கள் ஆட்டக்காரர்களில் ஒருவர் அந்தக் கூண்டில் இருக்கும்போது அவர் காண்பதை மற்றவர்களின் கதாபாத்திரங்கள் காண முடியாது. அவர் சொல்வதை வைத்துத்தான் கப்பலைத் திருப்ப வேண்டும். எதிரி மேகத்துக்கு மேலே தோன்றினால், கம்பியைச் சுற்றி அவரை மேலே இழுக்கும் நேரம் இருக்கிறதா, அவருடனேயே தப்பியோடுவதா என்ற கேள்வி எழும். கம்பியை அறுப்பது என்ற யோசனையை நீங்கள் சொல்லாதீர்கள். அது அவர்களிடமிருந்தே வரும்.

ஐந்தாமவர் புள்ளித் தாளை வைத்திருப்பவர். எதைக் கொட்டுவது என்று இறுதியாகச் சொல்லும் உரிமை அவருக்கே. சண்டை நடக்கும்போது மேலே இருக்கும் கப்பலுக்கே வாய்ப்பு அதிகம் என்பதால், தாள் வைத்திருப்பவரின் ஒவ்வொரு முடிவும் சுக்கான் பிடிப்பவர்களின் பகடையைவிட வலிமை உடையதாகிவிடுகிறது.

கேள்வி: கப்பலிலிருந்து விழுந்தால் மரணம் உறுதி. இதனால் ஆட்டக்காரர்கள் மேல்தளத்துக்கு வரவே அஞ்சுகிறார்கள். விழுவதற்கு என்ன விதி வைப்பது?

பதில்: விழுவதை ஒரு பகடை வீச்சாக வைக்காமல் ஒரு காட்சியாக வையுங்கள். கைகால்களை விரித்து விழும் மனிதர் ஏறத்தாழ 12 விநாடிகளில் மணிக்கு 200 கிலோமீட்டர் அளவிலான வேகத்தை அடைகிறார். அதற்குமேல் காற்றின் தடை அவ்வேகத்தைக் கூடவிடுவதில்லை. 1,000 மீட்டர் விழ 20 விநாடிகளுக்குச் சற்று அதிகமாகும். உங்கள் விளையாட்டில் ஒரு சுற்று என்பது ஆறு விநாடி என்றால், விழுபவருக்கும் காப்பாற்ற நினைப்பவர்களுக்கும் மூன்று சுற்றுகள் கிடைக்கின்றன. உடலைக் குறுக்கிக்கொண்டு தலைகீழாகப் பாய்பவர் இன்னும் வேகமாக விழுவார் என்பதால், தைரியமுள்ள தோழர் பின்னால் குதித்து எட்டிப் பிடிக்கவும் வழியிருக்கிறது.

இடுப்புக் கயிறு என்னும் விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கயிறு கட்டிக்கொண்டவர் விழமாட்டார், ஆனால் கட்டிய இடத்திலிருந்து இரண்டு அடிக்கு மேல் நகர முடியாது. அவிழ்ப்பதற்கு ஒரு சுற்று ஆகும். கயிற்றோடு நிற்பதா, அவிழ்த்துக்கொண்டு ஓடுவதா என்று அவர்களே தேர்ந்தெடுத்தபின் விழுந்தால், யாரும் உங்களை அநீதி செய்ததாகச் சொல்லமாட்டார்கள்.

கேள்வி: வழியில் நேர்பவற்றைப் பகடை வீசித் தேர்ந்தெடுக்கும் தற்செயல் பட்டியல் வேண்டுமா?

பதில்: வேண்டும், ஆனால் குறுகியதாக இருக்கட்டும். 1974-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் பாத்திர விளையாட்டு வெளிவந்த நாள் முதலே இத்தகைய பட்டியல்கள் இந்த விளையாட்டுகளோடு இருந்துவருகின்றன. அவை பெரும்பாலும் பூதங்களால் நிரம்பியவை. இரண்டு ஆறுமுகப் பகடைகளை வீசினால் 36 வாய்ப்புகளில் 6-இல் 7 வரும். 2-உம் 12-உம் ஒவ்வொரு முறை மட்டுமே வரும். ஆகவே 6, 7, 8 ஆகிய எண்களில் மேகம், மழை, காற்று மாற்றம் போன்ற எடைக் கணக்கைத் தொடுபவற்றை வையுங்கள். வானப் பாம்பு 12-இல் காத்திருக்கட்டும். எப்போதோ ஒருமுறை வந்தால்தான் அதற்கு மதிப்பு.

கேள்வி: தீவுகளில் வாழும் மக்களை எப்படிக் கற்பனை செய்வது? நான் படைக்கும் எல்லாத் தீவுகளும் ஒரே ஊர் போலவே அமைந்துவிடுகின்றன.

பதில்: ஒவ்வொரு தீவிலும் என்ன இருக்கிறது என்று எழுதுவதற்கு முன், என்ன இல்லை என்று எழுதுங்கள். தண்ணீர் இல்லாத தீவும், மரம் இல்லாத தீவும், இரும்பு இல்லாத தீவும் ஒன்றுபோல் வாழ முடியாது.

தரையில் இருந்துகொண்டே மிதக்கும் தீவுகளைப் போல வாழ்ந்த இடங்கள் உண்டு. சுற்றுப்புறத்திலிருந்து ஏறத்தாழ 180 மீட்டர் உயர்ந்து நிற்கும் இலங்கையின் சிகிரியாப் பாறையின் உச்சியில், ஐந்தாம் நூற்றாண்டில் எழுப்பிய அரண்மனைக்கு மழைநீரைத் தேக்கும் குளங்களைப் பாறையிலேயே வெட்டினார்கள். அப்படிப்பட்ட ஒரு தீவில் குளத்தின் சாவி யாரிடம் இருக்கிறதோ அவரே அரசர். கிரேக்கத்தின் மீட்டியோரா மடங்கள் செங்குத்தான பாறைத் தூண்களின் உச்சியில் இருப்பவை. அப்பெயருக்கே வானில் தொங்குபவை என்பதுதான் பொருள். பல நூற்றாண்டுகள் அங்கே மனிதர்களையும் பொருட்களையும் வலையில் வைத்துக் கயிற்றால்தான் மேலே இழுத்தார்கள். கயிற்றை இழுப்பவர் உங்கள் கதாபாத்திரங்களை வலையில் பாதி வழியில் நிறுத்திவைத்து, வந்த நோக்கம் என்ன என்று கேட்டால் அது எவ்வளவு நல்ல சந்திப்பு என்று எண்ணிப் பாருங்கள்.

ஸ்காட்லாந்துக்கு மேற்கே அட்லாண்டிக்கில் இருக்கும் செயின்ட் கில்டா தீவினர், பாறைச் சரிவுகளில் கயிறு கட்டி இறங்கிக் கடற்பறவைகளைப் பிடித்துத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். ஆட்கள் குறைந்துகொண்டே போய், இனித் தாக்குப்பிடிக்க முடியாது என்ற நிலையில், எஞ்சியிருந்த 36 பேரும் தாங்களே வேண்டிக்கொண்டபடி 1930 ஆகஸ்ட் 29 அன்று அங்கிருந்து அழைத்துச் செல்லப்பட்டார்கள். கப்பல் வைத்திருக்கும் கதாபாத்திரங்களிடம் ஒரு தீவு முழுவதும் வந்து, எங்களை ஏற்றிச் செல்லுங்கள் என்று கேட்கும் அமர்வை நான் இந்த வரலாற்றிலிருந்துதான் உருவாக்கினேன். அதில் சண்டையே இல்லை. என் ஆட்டக்காரர்கள் இன்றும் பேசுவது அந்த அமர்வைப் பற்றித்தான்.

கேள்வி: முதல் அமர்வுக்கு ஒரு முழுத் திட்டம் தர முடியுமா? ஆறு பேர் ஆடுகிறோம்; எல்லோரும் புதியவர்கள்.

பதில்: தருகிறேன். ஒரு வெண்கல மணியை இரண்டாம் அடுக்கில் இருக்கும் வார்ப்பாலைத் தீவிலிருந்து அதே அடுக்கின் மறுகோடியில், மூடுபனிக்குள் இருக்கும் ஒரு தீவுக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். அந்தத் தீவின் பழைய மணி உடைந்துவிட்டது; மணியோசை இல்லாமல் கப்பல்கள் பாறையில் மோதுகின்றன. மணியின் எடை 4 புள்ளி. பயணம் இரண்டு பகலும் ஓர் இரவும்.

முதலில் சரக்கேற்றும் காட்சி. ஒவ்வோர் ஆட்டக்காரரும் தம் கதாபாத்திரத் தாளில் எழுதியிருக்கும் பொருட்களைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். இரும்புக் கவசம் அணிந்தவர் இரண்டு புள்ளி ஆகிவிடுகிறார். யாருக்கும் இதுவரை சுமையாகத் தோன்றாத கவசம் இப்போது ஆறு பேர் கூடிப் பேசும் பொருளாகிறது. விதிகளை நீங்கள் விளக்கவே வேண்டாம், தராசே விளக்கிவிடும். எல்லாவற்றையும் ஏற்றி முடித்ததும், மணிக்கும் மூட்டைகளுக்கும் இடம்விட்டு அடிப்பாரம் 6 புள்ளிதான் மிஞ்சியிருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு இரவு. அந்தியில் கப்பல் தாழ்கிறது. உயரத்தில் நிற்க ஒரு புள்ளி கொட்டுகிறார்கள். நள்ளிரவில் மழை பிடித்துக்கொள்கிறது. நனைந்த துணி கனத்துப்போக, மேலும் இரண்டு புள்ளி போகிறது. அடிப்பாரத்தில் 3 மிஞ்சியிருக்கிறது. மழையில் தண்ணீர் பிடிக்கலாமே என்று யாராவது கேட்டால் மகிழ்ச்சியோடு ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் பிடித்த தண்ணீரும் அப்போதே எடையாகிறது என்பதை நினைவூட்டுங்கள்.

விடியும்போது வழியில் ஒரு சிறு பாறைத் தீவு தெரிகிறது. அது மெல்லத் தாழ்ந்துகொண்டிருக்கிறது. அதில் ஐந்து பேர் துணியை அசைக்கிறார்கள். இங்கேதான் கணக்கு பேசத் தொடங்கும். ஐந்து பேரை ஏற்ற ஐந்து புள்ளி வேண்டும். அடிப்பாரம் மூன்றையும் கொட்டலாம். வெயில் ஏறுவதால் ஒரு புள்ளித் தூக்குவிசை இனாமாகக் கிடைக்கிறது. மொத்தம் நான்கு. ஒரு மனிதருக்கு இடமில்லை. மணியைத் தள்ளிவிட்டால் எல்லோரும் வரலாம். கவசத்தை எறிந்தாலும் வரலாம். பீரங்கியையோ அறைகளின் பலகைகளையோ பெயர்த்து எறிந்தாலும் வரலாம். எதைச் செய்தாலும் வெயில் கொடுத்த ஒரு புள்ளியை அந்தி திரும்ப எடுத்துக்கொள்ளும். அப்போது கொட்டுவதற்கு அடிப்பாரம் இல்லை. ஆகவே பொழுது சாய்வதற்குள் மூடுபனித் தீவைச் சேர்ந்தே ஆக வேண்டும், அதுவும் இன்னும் மணியோசை இல்லாத தீவை. அவசரத்தை உண்டாக்க உங்களுக்குத் தனியாக ஒரு வில்லன் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

போய்ச் சேர்ந்தபின்னும் ஒரு செய்தி மீதமிருக்கிறது. மணியையும் மக்களையும் இறக்கும்போது, இறக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஈடாகத் தண்ணீர் ஏற்றாவிட்டால் கப்பல் துள்ளி மேலெழும். ஒரு தடவை மறந்தாலே அடுத்த அமர்வுக்கான தொடக்கம் கிடைத்துவிடும்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக நடத்திவரும் தொடர் ஆட்டத்தை முடிக்க விரும்புகிறேன். கப்பலைப் போரில் வெடிக்கச் செய்து முடிக்கலாமா? ஆட்டக்காரர்கள் அந்தக் கப்பலை மிகவும் நேசிக்கிறார்கள்.

பதில்: நேசிக்கும் கப்பலை ஒரு பகடை வீச்சில் பறிக்க வேண்டாம். அதை அவர்களே கொடுக்கட்டும்.

1917 நவம்பரில் எல் 59 என்னும் ஜெர்மானியக் கப்பல், கிழக்கு ஆப்பிரிக்காவில் சூழப்பட்டிருந்த தம் படைக்கு ஏறத்தாழ 15 டன் பொருட்களுடன் பல்கேரியாவிலிருந்து புறப்பட்டது. போய்ச் சேரும் இடத்தில் மீண்டும் நிரப்ப ஹைட்ரஜன் கிடையாது. எனவே அது திரும்பி வரும் கப்பலாகவே திட்டமிடப்படவில்லை. அதன் மேல்துணி கூடாரங்களாகவும், உட்துணி காயங்களுக்குக் கட்டுத்துணியாகவும், உலோகச் சட்டங்கள் கம்பியில்லாத் தந்திக் கோபுரங்களாகவும் மாற வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்திருந்தார்கள். பாலைவனத்தின் பகல் வெப்பத்தில் வாயுவை இழந்து, இரவுக் குளிரில் மலையில் மோதுமளவுக்குத் தாழ்ந்து, கையிலிருந்தவற்றைக் கொட்டி மேலெழுந்து சூடான்வரை சென்ற அக்கப்பல், திரும்பிவிடுமாறு வந்த வானொலிச் செய்தியால் பாதி வழியில் திரும்பியது. 95 மணி நேரத்தில் ஏறத்தாழ 6,800 கிலோமீட்டர் பறந்து, எங்கும் இறங்காமல் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது.

உங்கள் கப்பலின் கடைசிப் பயணத்தை இந்த மாதிரியில் அமையுங்கள். வாயு கிடைக்காத, மரமோ துணியோ உலோகமோ இல்லாத ஒரு தீவு, அங்கே இவர்கள் முன்பு காப்பாற்றிக் கொண்டுபோய் விட்ட மக்கள், வரப்போகும் வாடைக்காலம். இறங்கினால் கப்பல் மீண்டும் எழாது என்பதைப் புள்ளித் தாளே அவர்களுக்குக் காட்டட்டும். இறங்குவதா, வாயுவைச் சேமித்துக்கொண்டு திரும்புவதா என்பதை அவர்களிடமே விட்டுவிடுங்கள். இறங்கினால், கடைசி அமர்வு முழுவதையும் கப்பலைப் பிரிப்பதற்கே ஒதுக்குங்கள். ஒவ்வோர் ஆட்டக்காரரும் கப்பலின் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, அது அந்தத் தீவில் என்னவாக மாறுகிறது என்று சொல்லட்டும்: உயரச் சுக்கானின் சக்கரம் கிணற்று இராட்டினமாகலாம், மேகக்கூடை ஒரு குழந்தையின் தொட்டிலாகலாம். சுக்கான் பிடித்தவருக்குக் கடைசி வாய்ப்பைக் கொடுங்கள்.